பூஜைக்காக மூடிய வால்வு

அந்த செல்லைக் கொன்றது நீங்கள்தான் சார். வால்வைத் திருகியது என் கை, அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. ஆனால் திருகச் சொன்னவர் நீங்கள். திருகினால் என்ன ஆகும் என்று எனக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்தவரும் நீங்கள். விவரம் தெரியாத ஆள் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு முன்கதை வேண்டும். பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரி. அதன் வேதியியல் துறையில் ஒரு ஆராய்ச்சித் திட்டம் நடந்தது. அதில் நான் ஒருத்திதான் ஆய்வாளர். அதே வேலையை வைத்து முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தேன். துறைத்தலைவர்தான் எனக்கு நெறியாளர். நான் 'சார்' என்று கூப்பிடுவது அவரைத்தான். என் அப்பா சேரன்மகாதேவி பக்கம் வாழைத்தோட்டங்களில் கூலி வேலைக்குப் போகிறவர். அம்மா பீடி சுற்றுகிறாள். எங்கள் வீட்டில் எம்.எஸ்சி. படித்தது நான் மட்டும்.

வேலை இதுதான். ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் பக்கத்துக் காற்றாலைகள் பேய் பிடித்த மாதிரி சுற்றும். அந்த நேரத்தில் கரண்ட் மிஞ்சும், வாங்க ஆளிருக்காது. மிஞ்சுகிற கரண்டைக் கொண்டு தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். தண்ணீரைத் தண்ணீராகவே பிளந்தால் கரண்ட் அதிகம் குடிக்கும். எண்ணூறு டிகிரியில் நீராவியாக்கிப் பிளந்தால் குறைவாகக் குடிக்கும். அந்தச் சூட்டைத் தாங்குகிற செல் பீங்கானால் ஆனது. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை. ஒரு பக்கம் ஆக்சிஜன் வரும், மறுபக்கம் நீராவி போய் ஹைட்ரஜனாக வெளியே வரும். நடுவில், இரண்டையும் பிரித்து வைக்கிற மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கும். ஹைட்ரஜன் பக்கத்தில் பீங்கானோடு கலந்து இருப்பது நிக்கல். நீராவி உடைவது அந்த நிக்கலின் ஓரத்தில்தான்.

நிக்கலை ஆக்சைடாகத்தான் வாங்குவோம். பச்சைத் தூள். அரைக்கும்போது முகமூடி, கையுறை எல்லாம் போட்டாலும் எப்படியோ மணிக்கட்டில் ஏறிவிடும், விரல் இடுக்கில் அரிக்கும். சொறிந்து சொறிந்து புண்ணாகி, தோல் டாக்டரிடம் களிம்பு வாங்கிப் போட்டேன். அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நான் புகையிலைக்குள்ள கெடந்து கெட்டது போதாதா? நீ படிச்சிட்டும் தூளுக்குள்ளயா போயிக் கெடக்க?" என்பாள்.

அந்தப் பச்சைத் தூளைச் செல்லில் சுட்டு, பிறகு ஹைட்ரஜன் விட்டால் ஆக்சிஜன் கழன்று சாம்பல் நிற உலோகமாகும். அதற்குப் பிறகுதான் செல் வேலை செய்யும். வேலை செய்கிறவரை ஹைட்ரஜன் நிற்கக்கூடாது. நீராவியோடு கொஞ்சமாவது கலந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்றால், சூட்டில் இருக்கிற நிக்கல் திரும்ப ஆக்சைடாகிவிடும். ஆக்சைடு ஆனால் வீங்கும். வீங்கினால் பக்கத்தில் ஒட்டியிருக்கிற மெல்லிய அடுக்கு பிளந்துவிடும். மறுபடி ஹைட்ரஜன் விட்டு நிக்கலைச் சுருக்கலாம். பிளந்தது பிளந்ததுதான். நான் சேர்ந்த முதல் வாரத்தில் சார் இதைக் கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னார். நன்றாகச் சொல்லிக்கொடுப்பார், அதில் குறை சொல்ல மாட்டேன்.

நிக்கலுக்கு இன்னொரு நோயும் உண்டு. நாளாக ஆக, சின்னத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும். இருக்க வேண்டிய இடத்தை விட்டு நகர்ந்தும் போய்விடும். அதனால்தான் இந்த செல்கள் சீக்கிரம் கெடுகின்றன. சீரியம் கரைசலை நிக்கலின் நுண்துளைகளுக்குள் ஊற வைத்துச் சுட்டு, துகள்களுக்கு இடையில் சீரியா என்கிற சீரியம் ஆக்சைடு மணிகளை உட்கார வைப்பதுதான் என் வேலை. அவை நிக்கலை நகரவிடாமல் பிடித்துக்கொள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சொல்வது சுலபம். சுடும்போது வில்லை அப்பளம் மாதிரி வளையும், ஊசித் துளை விழும், ஓரம் பொரியும். எத்தனை உடைந்தன என்று எண்ணுவதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். நாலாவது வருஷக் கடைசியில்தான் நேரான, துளையில்லாத செல் ஒன்று கிடைத்தது.

அதை ஆயிரம் மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் இந்தத் துறையில் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமும் அந்த ஓட்டம்தான். அது முடிந்தால் பட்டம், இல்லையென்றால் இல்லை.

விநாயகர் சதுர்த்தி முடிந்த மறுநாள் செல்லை உலைக்குள் வைத்து ஆரம்பித்தேன். சிலிண்டர் மாற்றுகிற வேலையும் கரண்ட் வேலையும் பார்த்தவர் மேலப்பாளையத்துக்காரர். ஒப்பந்தக்காரர் மூலம் வருகிற ஆள். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். எல்லோரும் அவரை பாய் என்போம். தினமும் வந்ததும் முதலில் செல்லின் வோல்ட்டைக் காட்டுகிற மீட்டரைப் பார்ப்பார். "பிள்ளை எப்படி இருக்கு தங்கச்சி? பால் குடிச்சுதா?" என்பார். பால் என்பது ஹைட்ரஜன். ஒரு மாதத்துக்கு மேல் அது நன்றாகவே குடித்தது. மற்ற செல்கள் இருநூறு மணியில் தொய்ந்துவிடும். வரைபடத்தில் இதன் கோடு எண்ணூறு மணி தாண்டியும் கிட்டத்தட்டப் படுக்கையாகவே போனது. இன்னும் எட்டு நாள் போயிருந்தால் போதும்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். காலண்டரில் ஆயுத பூஜை விடுமுறையைப் பார்த்து சந்தோஷப்பட்டேன். கல்லூரியில் ஆளிருக்காது, தொந்தரவு இருக்காது என்று நினைத்தேன். எங்கள் பக்கம் எந்தக் கல்லூரியிலும் அலுவலகத்திலும் பூஜையை விடுமுறை நாளில் போடுவதில்லை. அன்றைக்கு எல்லோரும் அவரவர் வீட்டில் இருப்பார்கள், பொரிகடலை வாங்கக்கூட ஆள் வராது. முந்தின வேலைநாளிலேயே முடித்துவிடுவார்கள். அதற்கு முன் நாலு வருஷமும் நானே தராசுக்குச் சந்தனம் பூசியிருக்கிறேன், உலைக்குப் பட்டை போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் உலை ஆறிக்கிடந்தது. அதனால் ஓடுகிற உலையையும் அந்தப் பூஜையையும் நான் சேர்த்தே யோசிக்கவில்லை. ஓடுகிற இயந்திரத்துக்குப் பூஜை கிடையாது, நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைத்து ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை.

விடுமுறைக்கு முந்தின நாள் காலை பத்தரை மணிக்கு சார் ஆய்வகத்துக்குள் வந்தார். பின்னாலேயே வாழைக்கன்று இரண்டு வந்தது.

"என்னம்மா, இது இன்னும் ஓடிக்கிட்டா இருக்கு? பதினோரு மணிக்குத் தாளாளர் வாராங்க. இங்கதான் பூஜை."

"சார், இத நிறுத்தணும்னா முழுசா ஒரு நாள் வேணும். பைய பைய சூட்ட எறக்கணும். நேத்தே சொல்லியிருந்தியன்னா..."

"உலைய யாரு அணைக்கச் சொன்னா? அது பாட்டுக்கு நிக்கட்டும். ஹைட்ரஜன மட்டும் மூடு. கற்பூரம் கொளுத்துவாங்க."

மூடிய அறையில் ஹைட்ரஜனையும் கற்பூரத்தையும் சேர்த்து வைக்கக்கூடாது. அவர் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருந்தது. பாய் ஸ்பானரோடு சிலிண்டர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"சார்வா, கற்பூரத்த வாசல்ல காட்டிட்டு உள்ள குங்குமம் மட்டும் வச்சாப் போதாதா? சாமி கோவிச்சுக்கிடவா போவுது?"

"சாமி கோவிச்சுக்கிடாது வே. தாளாளர் கோவிச்சுக்கிடுவாரு. அவர வாசல்ல நின்னு கும்பிடுங்கன்னு நீரு சொல்லுதீரா?"

நான், "நைட்ரஜன் இருந்தாலாவது, காத்து உள்ள வராம அத ஓட விட்டுச் சமாளிக்கலாம். சிலிண்டர் காலி சார். மூணு தடவ எழுதிக் குடுத்திட்டேன்" என்றேன்.

"பத்து நிமிசம்தானம்மா. பத்து நிமிசத்துல ஒன் நிக்கல் எங்க ஓடிரப் போவுது?"

சிரித்தார். நான் கரண்டை நிறுத்தினேன், நீராவியை வெளியே திருப்பினேன், ஹைட்ரஜனை மூடினேன், வெளிக்குழாயில் கிளிப் போட்டேன். குழாய்க்குள் மிச்சமிருக்கிற ஹைட்ரஜன் பத்து நிமிடம் தாங்கும் என்று ஒரு நப்பாசை. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். குறுக்கே நின்றிருக்கலாம். ஐந்து வருஷம் அவர் கையெழுத்தை நம்பி வாழ்ந்தவளுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

தாளாளர் பதினோரு மணிக்கு வரவில்லை. பதினொன்றரைக்கு நான் போய், "சார், அவிய வாரதுக்குள்ள ஒரு அஞ்சு நிமிசம் தெறந்து விட்டுட்டு மூடிக்கிடுதேன்" என்றேன். ஃபோனைக் காதில் வைத்தபடியே, "ரோட்டுல வந்துட்டாங்கம்மா, சும்மா இரு" என்றார். தாளாளர் வந்தது பன்னிரண்டு பத்துக்கு.

மீட்டர் மேலே ஒரு செவ்வந்தி மாலை தொங்கியது. அதை விலக்கித்தான் எண்ணைப் பார்த்தேன். ஹைட்ரஜன் இருக்கும்போது செல் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் காட்டும். அது இறங்கி, முக்கால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்து அங்கேயே நின்றது. பார்க்கிறவர்களுக்கு எண் நிலையாக இருக்கிற மாதிரி தெரியும். இந்த வேலை தெரிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் வேறு. செல்லின் ஓரத்தை அடைக்கிற சீலின் இண்டு இடுக்கில் நுழைகிற காற்றை நிக்கல் தின்றுகொண்டிருக்கிறது, தின்று தீர்கிறவரை எண் அங்கேயே நிற்கும், தீர்ந்ததும் விழும்.

பூசாரி மணி அடிக்கும்போது எண் அங்கேயேதான் நின்றது. தாளாளர் உலையைப் பார்த்து, "இதுல என்ன செய்யுதிய?" என்று கேட்டார்.

"தண்ணியில இருந்து ஹைட்ரஜன் எடுக்கோம் ஐயா," என்றார் சார்.

"நல்லது, நல்லது. வெடிச்சிராதுல்லா?"

எல்லோரும் சிரித்தார்கள். தீபாராதனை காட்டினார்கள். அப்போதுதான் எண் விழ ஆரம்பித்தது. புள்ளி ஆறு, புள்ளி ஐந்து, புள்ளி மூன்று வோல்ட் என்று போனது. நான் தலையைத் தூக்கினேன். சார், நீங்களும் அந்த மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தீர்கள். பிறகு திரும்பி, தாளாளருக்குச் சுண்டல் எடுத்துக் கொடுக்கப் போனீர்கள்.

கற்பூரம் அணைந்து, புகை போய், கூட்டம் கலைந்த பிறகு வால்வைத் திறந்தேன். எண் ஏறியது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. அரை வோல்ட் பக்கத்தில் தள்ளாடியது. நீராவி விட்டு, கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். கொடுத்த கரண்டுக்கு வர வேண்டியதில் பாதி ஹைட்ரஜன்கூட வரவில்லை. பாய் வந்து பக்கத்தில் நின்றார். அன்றைக்குப் பிள்ளையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

முறைப்படி சூட்டை இறக்கி, விஜயதசமி கழித்து உலையைத் திறந்தேன். வில்லையின் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். விரிசலின் இரண்டு பக்கமும் பாசி படர்ந்த மாதிரி பச்சை. மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறம். கையில் எடுத்ததும் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

வீட்டுக்குப் போய் அழுதேன். அம்மாவுக்குப் புரிய வைக்கப் பார்த்தேன். அவள் கடைசி வரை கேட்டுவிட்டு, "மிசினுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமாட்டி? நானுந்தான் என் கத்திரிக்கும் மொறத்துக்கும் பொட்டு வச்சு ஒரு நாள் சும்மா போட்டேன். மறுநாள் எடுத்தா அது செத்தா போச்சு?" என்றாள். அவளுடைய கத்திரி எண்ணூறு டிகிரியில் இல்லை என்று சொன்னேன். அவள் எழுந்து சோறு எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

"பரவால்லம்மா, இன்னொண்ணு ஓட்டுவோம்" என்று சார் சொன்னார். நம்பினேன். வில்லை சுடுகிற பெரிய உலையின் கம்பி அந்த மாதமே எரிந்தது. மாற்றுக் கம்பி வரவில்லை. திட்டத்தின் காலமும் முடிந்தது.

திட்டத்தை மதிப்பிடுகிற கடைசிக் கூட்டம் காணொளியில் நடந்தது. வெளியூர் வல்லுநர்கள் திரையில் இருந்தார்கள். சார் பேசினார், படங்களை மாற்றிவிட நான் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் செல்லின் கோடு வந்தது. ஒருவர் பாராட்டினார். எண்ணூறு மணிக்கு மேல் ஏன் இல்லை என்று இன்னொருவர் கேட்டார். சார் என்னைத் திரும்பிப் பார்க்காமல், "அடுத்த படம்" என்றார். அடுத்த படத்தை நானேதான் தட்டினேன். அதில் 'ஆய்வாளரின் கவனக்குறைவால் வாயு நின்றதால் சோதனை நிறுத்தப்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அதற்கு முன் அந்த வரியை நான் பார்த்ததில்லை. திரையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது.

பிறகு அவர் அறைக்குப் போனேன்.

"ஏன் சார் அப்படி எழுதுனிய?"

"வேற என்னத்தம்மா எழுதச் சொல்லுத? பூஜைக்காக மூடுனோம்னு எழுதவா? சிரிப்பாங்க. ஒன் பேரு எங்கயும் போடலியே, ஆய்வாளர்னுதான போட்டிருக்கு."

"ஒரே ஒரு ஆய்வாளர்தான சார் இருந்தேன்."

"சத்தம் போடாத. பட்டத்துக்கு நான்தான் கையெழுத்துப் போடணும்."

சத்தம் போட்டேன். அவர் கையெழுத்துப் போடவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு மனு எழுதினேன். அது 'கருத்துரைக்காக' என்று முத்திரை குத்தி துறைத்தலைவருக்கே திரும்பி வந்தது. அவர் கருத்துரை எழுதினார். அதற்கு மேல் ஒரு கடிதமும் வரவில்லை. என் பதிவும் காலாவதியாகிவிட்டது.

பாயைத் தேடி மேலப்பாளையம் போனேன். வீட்டில் உட்கார வைத்து, டீ கொடுத்து, நான் எழுதிக் கொண்டுபோன தாளை இரண்டு தடவை படித்தார். அதில் நடந்தது மட்டும்தான் இருந்தது. கீழே ஒரு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன்.

"அல்லா மேல ஆணையா இதுல ஒரு எழுத்து பொய்யில்ல தங்கச்சி. யாராச்சும் என்னக் கூப்பிட்டுக் கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லிருவேன். ஆனா என்ட்ட யாரு கேப்பா? கேக்காமப் போயி நானாச் சொன்னா நாளைக்கே காலேஜ் கேட்டுக்கு வெளிய நிப்பேன்."

தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையில் அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

வேறு ஊரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்கு நேர்காணலுக்குப் போனேன். நிக்கலைப் பற்றி அரை மணி நேரம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் ஒருவர், நான் குறிப்பிட்ட திட்டத்தின் அறிக்கையைத் தான் படித்திருப்பதாகச் சொல்லி, "அதுல கவனக்குறைவுன்னு வர்ற அந்த ஆய்வாளர் நீங்கதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். பூஜை என்றதும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கதை விடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இப்போது தச்சநல்லூர் பக்கம் ஒரு கேன் தண்ணீர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று மீட்டரை முக்கிப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்துவிடும். மேலாளர் நல்லவர்தான், என்னை 'டாக்டரம்மா' என்று கூப்பிடுகிறார், கேலியாக இல்லை. அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று பலமுறை சொல்லிவிட்டேன். விரல் இடுக்கில் அரிப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

எனக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்காது. பட்டமும் கிடைக்காது. சீரியா நிக்கலைப் பிடித்துக்கொண்டது என்று எனக்குத் தெரியும், எண்ணூறு மணிவரை என் கண்ணால் பார்த்தேன். மீதி இருநூறு மணியில் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்கும் தெரியாது, ஒருவருக்கும் தெரியாது. அந்த வில்லையோடு அது போயிற்று. வேறு எங்கேயாவது வேறு யாராவது ஓட்டிப் பார்ப்பார்கள். அதில் என் பெயர் இருக்காது. இதை எழுதுவதால் எதுவும் மாறும் என்று நான் நினைக்கவில்லை.

போன வாரம் ஒரு அழைப்பிதழ் ஃபோனில் வந்தது. கல்லூரியில் ஹைட்ரஜன் கருத்தரங்கமாம். சிறப்புரை நீங்கள். தலைப்பு, சீரியா சேர்த்த நிக்கல் மின்முனை. தாளாளர் தலைமை தாங்குகிறார். என் கோட்டைத்தான் காட்டப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் உங்களிடம் வேறு கோடு இல்லை. சார், தனியாகக் கூப்பிட்டு என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம். ஆள் விட்டும் பேச வேண்டாம். அந்தக் கோடு நிற்கிற இடத்தில், அது ஏன் அங்கே நிற்கிறது, வால்வை மூடச் சொன்னது யார் என்று, தாளாளரை முன்னால் வைத்துக்கொண்டே, மாணவர்கள் எல்லோரும் கேட்க, மைக்கில் சொல்லுங்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். நீங்களாகச் சொல்லாவிட்டால் நான் எழுந்து கேட்பேன். அப்போதாவது பதில் சொல்லுங்கள்.